எல்லைக் காவலும் யந்திரக் கண்ணும்

(நம் சங்கத்தின் கும்மிடிப்பூண்டிக் கிளைக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



தேசத்தின் எல்லையைக் காக்கும் யந்திரங்களைப் பற்றி யான் பேசவேண்டுமென்று காரியதரிசி அவர்கள் அறிவித்தபோது, நம்மவரிற் சிலர் வியப்புற்றதாகக் கேள்வியுற்றேன். கல்வி நிதியும், மாணவர் விடுதியும், கலியாண மண்டபமும் பேசப்படுகின்ற இம்மேடையில் எல்லைக் காவலுக்கு என்ன வேலை என்பது அவர்கள் ஐயம். வங்காள தேசத்து எல்லை இவ்விடத்திலிருந்து ஆயிரம் மைலுக்கு அப்பாலுள்ளது. அதைக் காக்கப் பட்டாளத்தார் இருக்கின்றனர். நாம் நம் தொழிலைப் பார்ப்போம் என்று அவர்கள் கருதலாம்.

அன்பர்களே! நாம் குடியிருக்கும் இடத்தைச் சற்றே நோக்குங்கள். கிழக்கே பழவேற்காட்டு ஏரி. அதற்கப்பால் ராக்கெட்டு விடும் ஸ்ரீஹரிகோட்டாத் தீவு. அதற்கும் அப்பால் திறந்த கடல். தெற்கே எண்ணூரிற் காமராஜர் துறைமுகமும் காட்டுப்பள்ளித் துறைமுகமும். ஊருக்குள் ஹௌரா செல்லும் இருப்புப் பாதையும், கல்கத்தா செல்லும் பெருஞ்சாலையும். சிப்காட் தொழிற்பேட்டையில் இரவு பகலாக எரியும் இரும்பு உருக்காலைகள். அவற்றிற்கு ஆள் சேர்த்துக் கொடுக்கும் மேஸ்திரிகள். அவ்வாட்கள் தங்கும் லைன் வீடுகள். அவ்வீடுகளிற் பல நம் அங்கத்தினருடையவை என்பதை யான் சொல்லவேண்டுவதில்லை. இவையனைத்திற்கும் நடுவே, முப்பது ஆண்டுகளுக்கு மேலாக ஈழத்திலிருந்து வந்த நம் தமிழர் வாழும் முகாம் ஒன்றும் இருக்கின்றது. கடல் வழி, நில வழி, அகதி முகாம், கூலிக் குடியேற்றம் என்னும் நான்கும் இவ்வாறு கூடிய ஊர் தமிழகத்தில் அதிகமில்லை. ஆதலால் இவ்விஷயம் நம் வாயிற்படியில் நிற்கும் விஷயமேயாகும்.

முதலில் ஒரு குழப்பத்தை நீக்கிவிட விரும்புகின்றேன். எளாவூர் சோதனைச் சாவடியைத் தாண்டி வருகிற பீஹாரியையும், ஒரியாக்காரனையும், அஸ்ஸாமியனையும் நம்மவர் சிலர் "எல்லை தாண்டி வந்தவன்" என்று பேசக் கேட்டிருக்கின்றேன். எளாவூரில் உள்ளது மாநில எல்லை, தேச எல்லையன்று. பாரத நாட்டுப் பிரஜை எவனும் நாட்டில் எங்கும் சென்று வசிக்கலாமென்று அரசியலமைப்பின் 19-ஆம் பிரிவு உரிமை அளித்திருக்கின்றது. அவ்வுரிமையைக் கொண்டுதான் நம் பிள்ளைகள் பம்பாயிலும் பெங்களூரிலும் பிழைக்கின்றனர். 2023-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில், வடநாட்டுத் தொழிலாளரைத் தமிழ்நாட்டில் அடித்துக் கொல்கின்றார்கள் என்று பொய்யான படக்காட்சிகள் கைப்பேசி வழியே பரவின. அதனால் நேர்ந்த பீதியும், ரயிலடிகளில் மூட்டையோடு நின்ற கூட்டமும், உண்மையறிய பீஹார் அரசாங்கத்தார் அதிகாரிகளை இங்கே அனுப்ப நேர்ந்ததும் நினைவிருக்கும். சட்ட விரோதக் குடியேறி என்பவன் வேறொருவன். அயல்நாட்டுப் பிரஜையாயிருந்து, செல்லத்தக்க பாஸ்போர்ட்டும் அனுமதியுமின்றி நுழைந்தவனும், அனுமதிக் காலம் முடிந்தபின் தங்கியவனுமே அச்சொல்லுக்கு உரியர்.

இனிக் கடலுக்கு வருவோம். 2008-ஆம் ஆண்டு நவம்பர் 26-ஆந் தேதி பம்பாய் நகரத்தைத் தாக்கிய பத்துப் பேரும் கடல் வழியாகவே வந்தனர். "குபேர்" என்னும் மீன்பிடி விசைப்படகைக் கடலிற் கைப்பற்றி, கரைக்கு அருகில் வந்ததும் காற்றடைத்த ரப்பர்த் தோணியில் இறங்கி, மீனவர் குடியிருப்பு ஒன்றன் பக்கத்திற் கரையேறினர். அவர்களை முதலிற் கண்டு, யாரெனக் கேட்டவர்கள் அவ்விடத்து மீனவர்களே. அந்தக் கண்ணும் நாவும் அன்று விழித்திருந்தன. ஆனால் அவர்கள் கண்டதைக் கேட்டு உடனே செயற்படுவதற்கான ஏற்பாடுதான் இல்லை. அதன் பின்னரே நம் கடற்கரை முழுதும் புதிய காவல் அமைக்கப்பட்டது. முதற் கட்டமாக 46 இடங்களில் கண்காணிப்பு நிலையங்கள் எழுந்தன. அவற்றுள் 36 பெருநிலத்திலும், எஞ்சியவை இலக்ஷத்தீவிலும் அந்தமானிலும் உள்ளன. பெரும்பாலும் கலங்கரை விளக்கங்களையே அவற்றிற்கு இடமாகத் தெரிந்துகொண்டனர். பூமி உருண்டையாதலால், தாழ நின்று பார்ப்பவனுக்குத் தொலைவிலுள்ள படகு நீர் விளிம்பின்கீழ் மறைந்துவிடும். உயரத்தில் வைத்த யந்திரத்திற்கு அது தெரியும். நம் முன்னோர் நெருப்புக் கொளுத்திவைத்த உயரத்தின் பயனே இன்று ரேடாருக்கும் வேண்டியிருக்கின்றது.

ரேடார் என்பதைப் பெண்மக்களும் சிறுவரும் அறியும்படி சொல்லுவேன். ஆழ்ந்த கிணற்றுக்குள் குரல் கொடுத்தால் எதிரொலி மீண்டு வருகின்றதன்றோ? அவ்வாறே மின்காந்த அலையை வீசி, எதிர்ப்பட்ட பொருளில் மோதி அது திரும்பும் காலத்தைக் கணக்கிட்டு, பொருள் எங்கே எவ்வளவு தூரத்தில் உள்ளதென அறிவது ரேடார். இரும்புக் கப்பல் பலமான எதிரொலி தரும். நம் பழவேற்காட்டு மீனவர் ஓட்டும் பைபர் படகோ சிறிது, இரும்பும் இல்லாதது, அலைகள் எழும்பிக் கொந்தளிக்கும்போது அலையின் எதிரொலியிற் படகின் எதிரொலி கலந்துவிடும். இக்குறையை ஈடு செய்வதற்குப் பகலில் நெடுந்தூரம் நோக்கும் காமிராவும், இரவில் உடலினின்றும் இயந்திரத்தினின்றும் வீசும் வெப்பத்தைக் கொண்டு உருவம் காட்டும் காமிராவும் உடன் வைத்திருக்கின்றனர்.

இவற்றோடு, கப்பல் தன் பெயர், இருக்கும் இடம், வேகம், திசை ஆகியவற்றைத் தானே வானொலியில் ஓயாது சொல்லிக்கொண்டு செல்லும் கருவியொன்றும் உண்டு. ரேடாரிற் புள்ளி தெரிந்து, அப்புள்ளி தன் பெயரையும் சொல்லிவிட்டால் காவலன் கவலையுறான். பெயர் சொல்லாத புள்ளியே ஐயத்திற்குரியது. இங்கேதான் இடர். 20 மீட்டருக்கு மேற்பட்ட கலங்களுக்கே அக்கருவி கட்டாயமாக்கப்பட்டது. அதனிற் சிறிய மீன்பிடி படகுகளோ நம் கடலில் ஆயிரம் ஆயிரமாக உள்ளன. நாள்தோறும் இரவில் இவையனைத்தும் பெயர் சொல்லாப் புள்ளிகளாகத் திரையில் மின்னினால், அவற்றுள் எது திருட்டுத் தோணியென்று தேடுவது வைக்கோற்போரில் ஊசியைத் தேடுவதேயாகும். ஊசியைக் காண எளிய வழி வைக்கோலை அப்புறப்படுத்துவது. அதற்காகவே நம் விண்வெளி நிலையத்தார் சிறு படகுகளுக்கேற்ற செய்திக்கருவி ஒன்றைச் சமைத்தனர். ஒரு லக்ஷம் மீன்பிடி கலங்களில் அதனைப் பொருத்தும் திட்டம் 2024-ஆம் ஆண்டு ஆகஸ்டு 30-ஆந் தேதி மஹாராஷ்டிரத்துப் பால்கரில் தொடங்கப்பட்டது. கைப்பேசிக் கோபுரம் எட்டாத நடுக்கடலிலும் செயற்கைக் கோளின் வழியாக அக்கருவி செய்தி வாங்கும், செய்தி அனுப்பும், புயல் வருவதைச் சொல்லும், படகு மூழ்கும் தறுவாயிற் பித்தானை அழுத்தினால் கரைக்கு அபயக்குரல் சேர்க்கும், பன்னாட்டுக் கடல் எல்லையை நெருங்கினால் எச்சரிக்கும்.

இதனைத் தங்களை ஒற்றாடும் கருவியென்று மீனவரிற் சிலர் அஞ்சுவது இயல்பே. பிடிபட்டுப் பிடிபட்டு நொந்தவர்கள் வேறெவ்வாறு நினைப்பர்? 1974, 1976 ஆகிய ஆண்டுகளின் உடன்படிக்கைகளால் வகுக்கப்பட்ட கடற் கோட்டுக்கு அப்பால் சென்றதாக நம் மீனவர் சிறைப்படும்போது, அக்கரையார் கண்ணில் நம்மவரே எல்லை மீறியோர். ஆயினும், தான் இருந்த இடத்தைக் காட்டும் சான்று தன் கையிலேயே இருப்பது நேர்மையான மீனவனுக்கு வலிமை என்பது என் அபிப்பிராயம்.

யந்திரம் காவலுக்கு மட்டும் பயன்படுவதன்று என்பதை இராமேசுவரத்துக் கடலிற் கண்டோம். இலங்கையிற் பொருளாதாரம் நிலைகுலைந்த 2022-ஆம் ஆண்டில், மார்ச்சு 22 முதல் தமிழ்க் குடும்பங்கள் கள்ளத் தோணிகளிற் கடல் கடந்தன. தோணிக்காரர் பணத்தை வாங்கிக்கொண்டு, கரைக்கு வாராமலே, தனுஷ்கோடிக்கு அப்பாலுள்ள மணல் திட்டுகளிற் குழந்தைகளோடு இறக்கிவிட்டு ஓடினர். நீரும் நிழலுமற்ற அத்திட்டுகளைச் சுற்றியுள்ள ஆழமற்ற நீரிற் கப்பல் செல்லாது. நீரின்மீதும் மணலின்மீதும் காற்று மெத்தையில் மிதந்து செல்லும் ஹோவர்கிராப்ட் என்னும் ஊர்தியைக் கொண்டே கடலோரக் காவற்படையார் அவர்களை மீட்டுக் கரை சேர்த்தனர். எல்லைக் காவலர் செய்தது அங்கே உயிர்க் காவல். அவர்களை மண்டபம் முகாமிற் சேர்த்தனர். அம்மண்டபம் எது என்று இளைஞர் அறிவரோ? ஒரு காலத்தில் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குக் கூலிகளாய்ச் சென்ற நம் தமிழர், அக்கரைக்குக் கப்பலேறுமுன் நோய்ப் பரிசோதனைக்காகத் தடுத்து வைக்கப்பட்ட இடம் அதுவே.

நிலத்திலும் இவ்வாறே. வங்காள தேசத்தோடு நமக்குள்ள எல்லை 4,096 கிலோமீட்டர். பெரும்பகுதிக்கு முள்வேலி உண்டு. ஆனால் அஸ்ஸாம் துப்ரி ஜில்லாவிற் பிரமபுத்திரா நதி பல கிளைகளாய்ப் பிரிந்து, வருஷந்தோறும் கரையை மாற்றிக்கொண்டு பாயுமிடத்தில் 61 கிலோமீட்டருக்கு வேலி நாட்ட இயலாது. அவ்விடத்தில் இரவும் பகலும் நோக்கும் காமிராக்களையும், அசைவை உணரும் கருவிகளையும், அவற்றை ஒரே அறைக்கு இணைக்கும் செய்தித் தொடர்பையும் அமைத்து 2019-ஆம் ஆண்டு மார்ச்சு 5-ஆந் தேதி தொடக்கம் செய்தனர். மண் வேலி நிற்காத இடத்தில் மின் வேலி நிற்கின்றது.

இவ்வளவும் கேட்டபின், யந்திரங்கள் பெருகினால் எல்லை தானே காக்கப்படும் என்று நீங்கள் எண்ணக்கூடும். யான் அவ்வாறு எண்ணவில்லை. ஒரு படகு வருகின்றதென்று ரேடார் சொல்லும்; அதில் இருப்பவன் கொலைகாரனோ, குண்டுக்குத் தப்பி வந்த தாயோ என்று சொல்லாது. புல்லை மிதித்தது மனிதக் காலென்று உணர்கருவி சொல்லும். எந்நாட்டுக் கால் என்று சொல்லாது. "யார்?" என்னும் கேள்விக்கு விடை பதிவேடுகளிலும், அவற்றை எழுதுவோர் கையிலும், கேட்போர் மனத்திலும் இருக்கின்றது. அன்றியும், எல்லைக் கோட்டிற் பிடிபடாமல் கள்ளச் சீட்டோடு உள்ளே வந்துவிட்டவன் ஆயிரம் மைல் தாண்டி ஓர் உருக்காலை வாயிலிலோ ஒரு லைன் வீட்டின் திண்ணையிலோ வந்து நிற்கும்போது, அந்த வாயிலே தேசத்தின் எல்லையாகிவிடுகின்றது. அங்கே காவலாளி நாம்தாம்.

ஆளை அறியும் யந்திரங்களிற் பழமையானது கைரேகை. அதனை ஒழுங்குபடுத்தி ஆராயும் காரியாலயம் உலகிலேயே முதலாவதாகக் கல்கத்தாவில் 1897-ஆம் ஆண்டில் ஏற்பட்டது. எட்வர்டு ஹென்றி துரையின் பெயரால் வழங்கும் அம்முறைக்கு அஸீஸுல் ஹக், ஹேமசந்திர போஸ் என்னும் இரு இந்தியர் பெரிதும் உழைத்தனர். பத்தாண்டு கழியுமுன்னரே அக்கருவி நம்மவர்மேல் திரும்பிற்று. தென்னாப்பிரிக்காவில் டிரான்ஸ்வால் அரசாங்கத்தார், இந்தியரெல்லாம் கைரேகை வைத்துச் சீட்டுப் பெறவேண்டுமென்றும், கேட்டபோதெல்லாம் காட்டவேண்டுமென்றும் சட்டம் செய்தனர். 1908-ஆம் ஆண்டு ஆகஸ்டு 16-ஆந் தேதி ஜோஹானஸ்பர்க்கில் காந்தியடிகள் தலைமையில் அச்சீட்டுகளைக் கொளுத்தினார்கள். 1913-ஆம் ஆண்டில், அனுமதியின்றி நேட்டால் எல்லையைத் தாண்டி டிரான்ஸ்வாலுக்குள் நடந்த 2,000-க்கு மேற்பட்ட தொழிலாளரிற் தமிழர் மிகப் பலர். அந்நாட்டுச் சட்டப்படி அவர்கள் எல்லை மீறிய குற்றவாளிகள். அவ்வியக்கத்திற் சிறை புகுந்து நோயுற்று 1914-ஆம் ஆண்டில் உயிர் நீத்த பதினாறு வயதுத் தில்லையாடி வள்ளியம்மையும் எல்லை தாண்டிப் பிடிபட்டவளே. கைரேகையின் இரு பக்கமும் அறிந்த ஜனங்கள் நாம். இந்நினைவோடு பிறனிடம் சீட்டுக் கேட்பவன் கேட்கும் விதமே வேறாயிருக்கும்.

அவசரப்பட்டுக் கேட்டால் என்னாகும் என்பதற்கு அண்மையிலேயே சான்றுண்டு. அஸ்ஸாமிற் பிரஜைகள் பதிவேட்டின் இறுதிப் பட்டியல் 2019-ஆம் ஆண்டு ஆகஸ்டு 31-ஆந் தேதி வெளிவந்தபோது 19,06,657 பேர் அதிலில்லை. ஒரே குடும்பத்தில் தந்தை பெயர் இருக்க மகன் பெயர் விடுபட்ட வீடுகளும் உண்டு. 2025-ஆம் ஆண்டு ஜூன் மாதத்திலோ, தில்லியிற் கூலி செய்துவந்த மேற்கு வங்காளத்து வீரபூம் ஜில்லாக் குடும்பமொன்றை வங்காள தேசத்தார் எனக் கொண்டு எல்லைக்கப்பால் அனுப்பிவிட்டனர். அவர்களுள் ஒருத்தி கருவுற்றிருந்தாள். செப்டம்பர் 26-ஆந் தேதி கல்கத்தா ஹைகோர்ட்டு அச்செய்கை செல்லாதென்று தீர்ப்பளித்தது. டிசம்பரில்தான் அவளும் அவள் சிறு மகனும் தாய்நாடு திரும்பினர். வங்காள பாஷை எல்லையின் இரு புறத்தும் பேசப்படுவது. தமிழ் பேசுகின்றான், ஆதலால் இலங்கையான் என்று நம்மைப் பிறநாட்டில் ஒருவன் தள்ளினால் எப்படியோ, அப்படியே பேச்சைக் கொண்டு ஒருவனை அயல்நாட்டான் என்று முடிவு கட்டுவதும்.

நம் ஊர் முகாமைப் பற்றி ஒரு வார்த்தை. 1983-ஆம் ஆண்டுக் கலவரத்திற்குப் பின் அலை அலையாய் வந்த ஈழத் தமிழர், குறித்த நாட்களிற் பெயர் கூப்பிட்டுக் கணக்கெடுக்கப்படுவோர். எவ்வித ஒளிவுமின்றி அரசாங்கப் பதிவேட்டில் உள்ளவர்கள். தொழிற்பேட்டையிலும் நகரத்திலும் வர்ணம் பூசியும் கூலி செய்தும் பிழைக்கின்றனர். ஆயினும் 2003-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் சீட்டின்றி வந்தோரையெல்லாம் "சட்ட விரோதக் குடியேறி" என்னும் ஒரே சொல்லில் அடக்கியதால், இங்கே பிறந்த அவர்தம் பிள்ளைகளும் பிரஜைகளாக வழியில்லாது நிற்கின்றனர். 2019-ஆம் ஆண்டுத் திருத்தம் மூன்று நாட்டாருக்குச் சலுகை தந்தது. இலங்கை அவற்றுள் இல்லை. 2025-ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் தேதி அமலுக்கு வந்த குடிநுழைவு, அயல்நாட்டார் சட்டத்தின்கீழ்ப் பிறந்த உத்தரவு ஒன்று, 2015-ஆம் ஆண்டு ஜனவரி 9-ஆந் தேதி வரையில் அடைக்கலம் புகுந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழரைத் தண்டனையினின்று விலக்கியிருக்கின்றது. தண்டனை விலகிற்று, குடியுரிமை வரவில்லை. ஒரு பிறப்புப் பதிவின் வலிமையை மட்டும் பாருங்கள். 1987-ஆம் ஆண்டு ஜூலை முதல் தேதிக்கு முன் இந்நாட்டிற் பிறந்தோர் பிறப்பாலேயே பிரஜைகள் என்பது சட்டம். மண்டபம் முகாமில் 1986-ஆம் ஆண்டு பிறந்த ஒரு பெண்மணி அவ்வொரு பத்திரத்தைக் கொண்டு 2022-ஆம் ஆண்டில் சென்னை ஹைகோர்ட்டில் நியாயம் பெற்று, 2024-ஆம் ஆண்டுத் தேர்தலில் வாக்கும் அளித்தார். வழி தெரியாமையால் தரகனிடம் பொன்னைக் கொடுத்து ஆஸ்திரேலியாவுக்குப் படகேறுவோரும் உளர். 2014-ஆம் ஆண்டில் புதுச்சேரியிலிருந்து சென்ற 157 பேர் நடுக்கடலில் ஆஸ்திரேலியக் கப்பலொன்றில் ஏறக்குறைய ஒரு மாதம் அடைபட்டுக் கிடந்தனர். 2019-ஆம் ஆண்டு ஜனவரியில் கேரளத்து முனம்பத்திலிருந்து சென்ற படகோ, நூற்றுக்கு மேற்பட்டோருடன் என்னாயிற்றென்றே தெரியவில்லை.

இனி, நம் அங்கத்தினர் செய்யத்தக்கவை. லைன் வீடு வைத்திருப்போர், ஆதார்ச் சீட்டின் நகலை வாங்கிப் பெட்டியிற் போட்டுவிட்டால் கடமை முடிந்ததென்று எண்ணுகின்றனர். நகல் யாரும் செய்வர். அச்சீட்டிலுள்ள கட்டம் கட்டமான சதுர முத்திரையைக் கைப்பேசியில் அதற்குரிய செயலியால் படித்தால், உண்மையான பெயரும் படமும் தோன்றும். சீட்டிற் கை வைத்திருந்தால் வெளிப்பட்டுவிடும். நம் பிள்ளைகள் அரை நிமிஷத்தில் இதைச் செய்வர். ஆனால் ஒன்று: ஆதார் ஆளைக் காட்டுமேயன்றிக் குடியுரிமையைக் காட்டாது, 2016-ஆம் ஆண்டு ஆதார்ச் சட்டமே அவ்வாறு சொல்லுகின்றது. அயல்நாட்டுப் பாஸ்போர்ட்டு உடையவனைத் தங்கவைத்தால் 24 மணி நேரத்திற்குள் குடிநுழைவு அதிகாரிகளுக்கு இணைய வழியே தெரிவிக்க வேண்டும். பொய்ச் சீட்டால் நுழைவோர்க்குப் புதிய சட்டத்தில் இரண்டு முதல் ஏழு ஆண்டு வரை சிறையும், பத்து லக்ஷம் வரை அபராதமும் உண்டு. அவர்களுக்கு உடந்தையாயினோம் என்னும் பெயர் நமக்கு வேண்டாம்.

மேஸ்திரிகள் சிலர், ஆட்கள் ஓடிவிடாதிருக்க அவர்தம் அசல் சீட்டுகளை வாங்கிப் பூட்டி வைப்பதாகக் கேள்வி. இதனை யான் வன்மையாகக் கண்டிக்கின்றேன். சீட்டைப் பறிகொடுத்தவன் நாளைப் போலீசார் கேட்கையில் எதைக் காட்டுவான்? நீங்களே ஒரு பிரஜையை அயல்நாட்டானாக்கி விடுகின்றீர்கள். ஐயம் தோன்றினால் போலீசாரிடம் சொல்லுங்கள். நாலு பேரைக் கூட்டி நீங்களே விசாரிக்கப் புகாதீர்கள். கடற்கரையில் அறியாத படகையோ ஆளையோ கண்டால் 1093 என்னும் எண்ணுக்கும், கடலில் ஆபத்தென்றால் கடலோரக் காவற்படையின் 1554 என்னும் எண்ணுக்கும் பேசலாம், காசு இல்லை.

காரியதரிசி அவர்களோடு கலந்து ஒரு யோசனையைக் கூட்டத்தின்முன் வைக்கின்றேன். வாடகைக்கு வருவோர் விவரம் எழுதும் படிவமொன்றைத் தமிழ், ஹிந்தி, வங்காளி, ஒரியா ஆகிய நான்கு பாஷையிலும் சங்கச் செலவில் அச்சிட்டு, லைன் வீடு உள்ள அங்கத்தினர் ஒவ்வொருவருக்கும் ஒரு கட்டு வீதம் கொடுக்கலாம். பெயர், ஊர், தாலுகா, ஜில்லா, வீட்டிலுள்ளோர் ஒருவரின் தொலைபேசி எண், வேலை செய்யும் ஆலை ஆகிய இவ்வளவே அதில் இருக்கும். ஜாதியும் மதமும் கேட்கும் வரிகள் இரா. ஒரு பிரதி வீட்டுக்காரரிடம், மற்றொன்று குடியிருப்பவனிடம். தமிழ் தெரியாதவனுக்கு எழுதிக்கொடுக்க, ஞாயிறுதோறும் காலை 9 மணி முதல் 12 மணி வரை, நம் விடுதி மாணவரிற் ஹிந்தி அறிந்த இருவர் சங்கக் கட்டிடத்தில் இருக்க இசைந்துள்ளனர். அச்சுக் கூலிக்கு உத்தேசம் எழுதி வாங்கியிருக்கின்றோம்; அதை இப்போது பொக்கிஷதாரர் அவர்கள் வாசிப்பார்.